அதிகாரிக்கு விட்ட இடம்

விரல்கள் நாலாவது நகலைத் தட்டி ஓரம் சேர்த்தன. மேல் ஓரம், பிறகு இடது ஓரம், மறுபடியும் மேல் ஓரம். கட்டை விரல் மூலையை வளைத்து விட, தாள்கள் சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக விழுந்தன. விலைப்பட்டியல், பெட்டிப் பட்டியல், சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் சான்றிதழ், லாரிச் சீட்டு, காப்பீடு. ஐந்தும் இருந்தன. துளைபோடும் கருவி ஒரே அழுத்தில் இறங்கியது. பச்சை நாடா ஒரு துளையில் போய் மறு துளையில் வந்து தட்டையாகப் படுத்துக்கொண்டது. முடிச்சுப் போடவில்லை. முடிச்சுப் போட்ட கோப்பை அதிகாரிகள் கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டும்போது ஏதாவது ஒரு தாள் கிழியும். கிழிந்த தாளுக்கு மாற்றுத் தாள் வாங்க ஒரு நாள் போகும். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கைகள் கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

கைகளுக்குச் சொந்தக்காரியை அலுவலகத்தில் கட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். படிவத்தின் கட்டங்களை அவள் நிரப்பினால் ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தாண்டாது. எல்லையைக் கடந்து போகும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்துகொடுக்கும் கிளியரிங் அலுவலகம் அது. இரண்டே அறைகள். முன்னறையின் ஜன்னல் லாரிகள் நிற்கும் மைதானத்தைப் பார்த்திருந்தது. எந்த லாரி கிளம்பினாலும் அவள் மேஜையில் இருக்கும் பேனா டப்பா கிணுகிணுக்கும்.

படிவங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு பெரிய கட்டம் உண்டு. அதற்கு மேலே 'அதிகாரியின் முடிவு' என்று அச்சடித்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டுவிட்டாள். போன வேகத்தில் கோப்பு திரும்பி வந்தது. முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம வேலை காகிதத்தை வைக்கிறது. முடிவு சொல்றது அவங்க வேலை. அந்தக் கட்டத்துப் பக்கம் உன் பேனாவோட நிழல்கூட விழக் கூடாது, புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒரு தடவை சொன்னால் கட்டம்மாவுக்குப் போதும். அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து போன ஆயிரக்கணக்கான கோப்புகளில் அந்தக் கடைசிக் கட்டம் வெள்ளை வெளேரென்றுதான் போனது.

அப்படிப்பட்டவளுக்குப் படிப்பு ஆசை வந்தது ஓர் அறிக்கையால்.

எல்லையின் இரண்டு பக்கத்து அரசுகளும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஒரே ஒரு சான்றிதழ் இருந்தால் போதும், லாரி நிற்காமல் போகலாம் என்பது அதன் சாரம். கையெழுத்தாகி ஐந்து வருடம் ஓடியும் லாரிகள் பழையபடி நாலு நாள் நின்றுகொண்டிருந்தன. ஏன் என்று ஆராயத் தலைநகரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். முதலாளியின் அறையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கட்டம்மா மூன்று தடவை உள்ளே போய்க் கோப்புகளை வைத்துவிட்டு வந்தாள். மூன்று தடவையும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அறுபது பக்கத்தில் அறிக்கை வந்தது. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க அதன் கனம் சரியாக இருந்ததால் முதலாளி அதைப் பிரிக்கவே இல்லை. மதிய இடைவேளை ஒன்றில் கட்டம்மா எடுத்துப் படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. தாமதத்துக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு என்று எழுதியிருந்தது. ஒன்று, ஆவணங்கள் குறைபாடுகளோடு தயாரிக்கப்படுவது. இன்னொன்று, இரு நாட்டு அதிகாரிகளுக்கும் இடையே நிலவும் அவநம்பிக்கை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கேட்டாள்.

"என் காகிதத்துல குறையாம். கேட்டீங்களா இந்த அநியாயத்த?"

அவள் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். அடுத்த தெருக்காரருடைய பிரிட்ஜ் ஒன்று வீட்டு வராந்தாவில் படுத்திருந்தது. அதன் முதுகுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"உன் பேரைப் போட்டா எழுதியிருக்காங்க?"

"பேரு போடல. ஆனா அந்த மைதானத்துல நிக்கிற லாரியில பாதிக்கு நான்தானே காகிதம் போடுறேன்? வேற யாரைச் சொல்றாங்க?"

"எழுதினவங்க யாரு?"

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நாலு பெயர்களும் அவற்றுக்குக் கீழே படிப்பும் இருந்தன. நாலு பேருமே சர்வதேச விவகாரங்களில் முதுகலை.

"அப்போ நீயும் அதைப் படி," என்றார் பிரிட்ஜுக்குள்ளிருந்து. விளையாட்டாகத்தான் சொன்னார். கையில் ஸ்பேனரோடு எழுந்து வந்து மனைவி முகத்தைப் பார்த்த பிறகுதான், சொன்னது வீணாகப் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

*

விசாரித்ததில் வழி இல்லாமல் இல்லை. நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு மாலை நேரத்தில் நடந்தது. வேலை பார்ப்பவர்களும் சேரலாம். வேறு பாடம் படித்துவிட்டு வருபவர்களுக்கென்று சனிக்கிழமைகளில் ஆறு மாத ஆயத்த வகுப்பு இருந்தது. கட்டம்மா கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் வணிகவியல் முடித்தவள், அது போதும். ஆயத்த வகுப்பில் பொருளாதாரத்தில் ஒரு தேர்வு, அயல்மொழியில் ஒரு தேர்வு, இருபத்தைந்து பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை. மூன்றும் தேறினால் முதுகலையில் இடம் உறுதி. ஒரே நிபந்தனைதான் இடித்தது. நாற்பது நிறைந்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு நாற்பது நிறைய ஏழு மாதம் பாக்கி. சேர்க்கையோ வருடத்துக்கு ஒரு முறை. அதாவது, இந்த முறை விட்டால் விட்டதுதான்.

முதலாளி சம்மதித்தார். இப்போதைக்குச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகலாம், முதுகலை தொடங்கியதும் வாரத்தில் மூன்று நாள் நாலு மணிக்குக் கிளம்பலாம். ஆனால் காலையில் எட்டுக்கே வர வேண்டும். "படிச்சு முடிச்சுட்டு நீயும் நாலு பேரோட வந்து என் ரூம்ல உக்காந்து கேள்வி கேப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்ககிட்ட கேக்க மாட்டேன் சார். வெளியில உக்காந்திருக்கிறவங்ககிட்ட கேப்பேன்."

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. பாடம் எடுத்த மேடத்துக்கே இருபத்தெட்டு இருந்தால் அதிகம். முதல் நாள் கட்டம்மா எழுந்து நின்று 'மேடம்' என்றதும் அந்தப் பெண் வெட்கப்பட்டு, "ஐயோ, உக்காந்தே பேசுங்க அக்கா," என்றாள். ஆறு மாதமும் அப்படியே ஓடியது. ஒருத்தி மேடம், இன்னொருத்தி அக்கா.

மேடம் பலகையில் ஏறு கோடும் இறங்கு கோடும் வரைந்து, வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை நிற்கும் என்பாள். பிள்ளைகள் மடமடவென்று எழுதிக்கொள்வார்கள். கட்டம்மா கை தூக்குவாள்.

"மேடம், இந்தக் கோட்டுக்கு ஆதாரம் எங்க?"

"இது ஒரு மாதிரிதான் அக்கா. உண்மையான பொருளோட கோடு இல்ல."

"மாதிரின்னு கோட்டுக்கு மேல எழுதிடலாமே மேடம். பாக்கிறவங்க உண்மைன்னு நினைச்சுப்பாங்க."

அன்றிலிருந்து மேடம் கோடு போடும்போதெல்லாம் ஓரத்தில் 'மாதிரி' என்று எழுதத் தொடங்கினாள்.

அயல்மொழியாக அவள் எடுத்துக்கொண்டது எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழி. பன்னிரண்டு வருடமாகப் பெட்டிகளின் மேலும் பட்டியல்களிலும் பார்த்துப் பழகிய எழுத்து. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வாசிக்கப் பழகியிருந்தாள். 'ரப்பர் வாஷர் ஐந்நூறு', 'ஈரம் படாமல் வைக்கவும்', 'கண்ணாடி, கவனம்' எல்லாம் அத்துபடி. 'நான்', 'நீ', 'நேற்று' மட்டும் தெரியாது. பெட்டிகளுக்கு அவை தேவைப்படவில்லை. முதல் வகுப்பில் அந்த மொழியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அவள் எழுந்து, தெரிந்ததில் எது பொருத்தம் என்று யோசித்து, "இந்தப் பக்கம் மேலே," என்றாள். வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. அவளும்தான்.

வீட்டில் அவள் மகள் கல்லூரியில் முதல் வருடம். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மகளின் புத்தகங்கள், மறு முனையில் அம்மாவின் புத்தகங்கள். பொருளாதாரத் தேர்வு அன்று காலை மகள் வாசலில் நின்று, "ஹால் டிக்கெட் எடுத்தியா? பேனா ரெண்டு வச்சுக்கிட்டியா? தெரியாத கேள்விய விட்டுட்டு தெரிஞ்சத முதல்ல எழுதணும், சரியா?" என்று இத்தனை வருடம் அம்மா தன்னிடம் கேட்டதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள். இரண்டு தேர்விலும் கட்டம்மா தேறினாள். மொழியில் வகுப்பிலேயே இரண்டாவது.

மிச்சம் கட்டுரைதான். எதைப் பற்றி எழுதுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. லாரி ஏன் நாலு நாள் நிற்கிறது?

விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை எழுதினாள். வாடிக்கையாளர் பேர் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு முதலாளி பழைய கோப்புகளைப் பார்க்க அனுமதி கொடுத்தார். மதிய இடைவேளையில் அவற்றைப் புரட்டினாள். மைதானத்தில் ஒரு டிரைவர் இருந்தார். லாரிக்கு அடியில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருப்பார். எல்லையில் நிறுத்தினால் என்ன காரணம் சொல்வார்கள் என்று அவரிடம் கேட்டாள்.

"எப்பவும் ஒரே பாட்டுதான்க்கா. 'எடை ஒத்துப்போகலை'ம்பாங்க. அப்புறம் லெட்டர் போடுவாங்க, லெட்டருக்கு லெட்டர் வரும், நாலாம் நாள் விட்டுடுவாங்க. ஏன் கேக்குறீங்க?"

"இதைச் சரி பண்ண முடியுமான்னு எழுதிட்டு இருக்கேன்."

"நல்லா எழுதுங்க. ஆனா முழுசா சரி பண்ணிடாதீங்க. அந்த நாலு நாள்லதான் நான் துணி துவைக்கிறேன்."

கட்டுரை வளர்ந்தது. ஒப்பந்தத்தின் வரலாறு, அதன் விதிகள், புத்தகங்கள் சொல்லும் காரணங்கள், அறிக்கை சொல்லும் காரணங்கள், டிரைவர்கள் சொல்லும் காரணங்கள், கோப்புகளில் இருக்கும் தேதிகள். ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு தாள். அறுபத்துமூன்று ஆதாரங்கள். முதலாளியின் லேசர் பிரிண்டரில் அச்செடுத்துப் பச்சை நாடா கோத்து, முடிச்சுப் போடாமல், மேடம் கையில் கொடுத்தாள்.

*

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு மேடம் அவளை இருக்கச் சொன்னாள். கட்டுரை மேஜைமேல் கடைசிப் பக்கம் திறந்து கிடந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் பிரிண்ட் ஆகலையா?"

கட்டம்மா எட்டிப் பார்த்தாள். "ஆகியிருக்கே மேடம்."

"'முடிவு'ன்னு தலைப்பு இருக்கு. கீழ கட்டம் போட்டிருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"அது உங்களுக்கு மேடம்."

"எனக்கா?"

"நீங்க எழுத வேண்டிய இடம். தாராளமா இருக்கட்டும்னு அரைப் பக்கம் விட்டிருக்கேன்."

மேடம் கட்டத்தைப் பார்த்தாள். ஸ்கேல் வைத்துப் போட்டது போலச் சுத்தமான நாலு கோடு. பிறகு கட்டம்மாவைப் பார்த்தாள். கட்டம்மாவின் முகத்தில் கேலி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கட்டம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்குச் சிரிப்பு? எல்லாக் காகிதமும் வைத்தாயிற்று. இனி பார்க்கிறவர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். வேறெப்படி?

"அக்கா, அறுபத்துமூணு ஆதாரம் வச்சிருக்கீங்க. இந்த டிபார்ட்மென்ட்ல யாரும் இவ்வளவு வச்சுப் பார்த்ததில்ல நான். ஆனா நீங்க என்ன சொல்றீங்க? லாரி ஏன் நிக்குது?"

"புத்தகத்துல ஒண்ணு சொல்றாங்க, டிரைவருங்க ஒண்ணு சொல்றாங்க..."

"நீங்க?"

கட்டம்மா ஆதாரப் பட்டியல் இருந்த பக்கத்தைப் புரட்டத் தொடங்கினாள்.

"நீங்க சேரப் போற படிப்பே அந்தக் கட்டத்த நிரப்புறதுக்குத்தான் அக்கா," என்றாள் மேடம். சிரிப்பு போயிருந்தது. "முடிவு இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. என் கையெழுத்து இல்லாம கவுண்டர்ல வாங்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி கடைசி. வியாழக்கிழமை கொண்டு வாங்க, நான் இருக்கேன்."

பஸ்ஸில் வரும்போது கட்டம்மா அந்தக் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தேர்வு தேறி, அறுபத்துமூன்று ஆதாரம் சேர்த்து, கடைசியில் அரைப் பக்க வெள்ளையில் எல்லாம் போய்விடுமோ?

ஞாயிறு காலை எழுதினாள். திங்கள் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் வரிசையாக நின்றன. கடைசியில் 'இவற்றுள் ஏற்றதைக் கருத்தில் கொள்ளலாம்' என்று முடிந்திருந்தது. பத்து வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். இந்த முறை காரணங்கள் நாலாகியிருந்தன.

செவ்வாய் காலை அவள் கணவர் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் படித்துவிட்டுக் கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

"ஒருத்தர் வீட்டுக்குப் போறேன். பிரிட்ஜ் குளிரல. திறந்து பாக்குறேன். பாத்துட்டு, 'கேஸ் போயிருக்கலாம், கம்ப்ரசர் போயிருக்கலாம், நீங்க கதவைச் சரியா சாத்தாம இருந்திருக்கலாம், ஏற்றதைக் கருத்தில் கொள்ளுங்க'ன்னு சொல்லிட்டு வந்தா எப்படி இருக்கும்?"

"அடிக்க வருவாங்க."

"வருவாங்கல்ல? நீ திறந்து பாத்தவ. அந்த நாலு பேரு திறந்தே பாக்கல. அவங்க தைரியமா சொல்லிட்டாங்க."

"தப்பா சொல்லிட்டாங்க."

"தப்பா இருந்தாலும் சொன்னாங்கல்ல? நீ சரியா தெரிஞ்சும் வாயைத் திறக்க மாட்டேங்கிற."

அவள் டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் அலுவலகத்துக்குப் போனாள்.

அவளுக்குக் காரணம் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். சான்றிதழில் 'எடை' என்று ஒரே ஒரு கட்டம். இந்தப் பக்கத்து விதிப்படி பெட்டியோடு சேர்த்த எடையை அதில் எழுத வேண்டும். அந்தப் பக்கத்து அதிகாரிகளோ பெட்டி இல்லாமல் சரக்கின் எடையை மட்டும் தேடுவார்கள். அவர்கள் விதி அப்படி. எண் இடிக்கும், லாரி நிற்கும், கடிதம் போகும். ஒருமுறை சமர்த்தாக இரண்டு எண்களையும் அந்தக் கட்டத்துக்குள் எழுதிப் பார்த்தாள். ஒரே கட்டத்தில் இரண்டு எண் இருந்தால் அது திருத்தம் என்று சொல்லி ஆறு நாள் நிறுத்திவிட்டார்கள்.

தெரிவது வேறு, நான் சொல்கிறேன் என்று எழுதுவது வேறு. சொல்ல வேண்டுமென்றால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் எல்லையில் நின்ற லாரிகளின் கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த கடிதத்தைத் தேடிக் காரணத்தைக் குறித்தாள். செவ்வாய் மதியமும், புதன் காலையும் மதியமும் அதிலேயே போயின. நூற்றெண்பத்துமூன்றில் எடைதான். அவளுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம் ஏறியது.

மீதி முப்பத்தொன்று. இதை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விட்டால் அவள் கட்டம்மா இல்லையே. இருபதில் லாரி பழுது, முத்திரை உடைந்தது, விடுமுறை என்று ஏதேதோ. மிச்சம் பதினொன்றில், அறிக்கை சொன்னது போலவே, ஆவணத்தில் குறை. காப்பீட்டில் தேதி தவறு, பட்டியலில் ஒரு பெட்டி விடுபட்டது, இப்படி. பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். எட்டு, தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக அவள் விடுப்பில் இருந்தபோது வேறொருவர் தயார் செய்தவை. மூன்றில் கீழ் ஓரத்தில் அவளுடைய சின்ன எழுத்து.

அந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவளுடைய ஏழு, அவளுடைய நாலு. ஒன்றில் பெட்டிகள் நாற்பத்தேழு என்பதற்கு எழுபத்துநாலு என்று போட்டிருந்தாள். காதுமடல் சுட்டது. முன்னறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் கோப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்னம்மா, ரெண்டு நாளா அலமாரியே காலி? ஏதாவது கிடைச்சுதா?"

அவள் கவிழ்த்ததை நிமிர்த்தி நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ரசித்துச் சிரித்தார்.

"பன்னிரண்டு வருஷமா உன் கையில ஒரு தப்பு கிடைக்குமான்னு தேடிட்டு இருந்தேன். கடைசியில நீயே கொண்டுவந்து குடுக்குறியா?"

"இதையும் எழுதப் போறேன் சார்."

"எழுது. பேரு மட்டும் போடாத. என்னோட பேரை."

வியாழன் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தாள். கட்டத்தின் நாலு கோடுகளையும் முதலில் எடுத்தாள். பிறகு எழுதினாள். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று நம்பாததால் லாரிகள் நிற்கவில்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் ஒரு கட்டம் குறைவாக வைத்துவிட்டதால் நிற்கின்றன. பெட்டியோடு ஓர் எடை, பெட்டி இல்லாமல் ஓர் எடை என்று சான்றிதழில் இரண்டு கட்டங்கள் வேண்டும். அப்படி இருந்திருந்தால், நின்ற இருநூற்றுப் பதினான்கில் நூற்றெண்பத்துமூன்று லாரிகள் அன்றே போயிருக்கும். ஆவணக் குறை பற்றி அறிக்கை சொன்னது முழுக்கத் தவறல்ல. பதினொன்றில் குறை உண்டு, அவற்றுள் மூன்று இந்தக் கட்டுரையை எழுதியவரின் கைப்பிழை. படிவத்தை வகுக்கும்போது அதை நிரப்புகிறவர்களை இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். இது என் முடிவு.

எழுதி முடித்தபோது ஆறு இருபது. வியர்த்திருந்தது. அடுப்படியில் மகள் பாலைப் பொங்க விட்டுக்கொண்டிருந்தாள். அதற்காக அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

மாலை மேடம் கடைசிப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"அக்கா, இந்த மூணு கைப்பிழை... இதை நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே மேடம். மத்ததெல்லாம் உண்மைன்னு நான் சொல்றேன்ல, இதை மறைச்சா அதை எப்படி நம்புவாங்க?"

மேடம் பேனாவைத் திறந்து முகப்புப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதினாள். "முதுகலை வகுப்புல சந்திப்போம். அங்கயும் நான்தான் பொருளாதாரம் எடுக்கிறேன். மாதிரின்னு எழுதிட்டேதான் கோடு போடுவேன், பயப்படாதீங்க."

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கட்டம்மா பல்கலைக்கழகக் கவுண்டர் வரிசையில் நின்றாள். முன்னால் நாலு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், விரலில் ரப்பர் உறை மாட்டிப் பக்கம் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணும் விதத்தைப் பார்த்தவுடனேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மூலையை வளைத்து, ஒவ்வொன்றாக விழவிட்டு.

அவள் முறை வந்தது. சின்னத் திறப்பு வழியே கட்டுரைக் கட்டை நீட்டினாள், ஆனால் விடவில்லை. அவர் ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி எடுத்திருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். அந்த முத்திரையில தேதி நேத்துது."

அவர் முத்திரையைத் திருப்பி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதில் எழுத்துகள் இடவலம் மாறித்தான் இருக்கும். கட்டம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே படித்திருந்தாள்.

"நேத்துதுன்னா உங்களுக்கு என்னம்மா நஷ்டம்? ஒரு நாள் முன்னாடியே குடுத்த மாதிரி நல்லதுதானே?"

"இன்னிக்குத்தானே சார் குடுக்கிறேன்."

வரிசையில் பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஆபீஸ்மா நீங்க?"

"கிளியரிங் ஆபீஸ் சார்."

"அதானே பாத்தேன்," என்று சொல்லி, நகத்தால் சின்னச் சக்கரத்தைத் தள்ளித் தேதியை மாற்றினார். காலையிலிருந்து முத்திரை போட்டு அடுக்கிவைத்திருந்த மற்ற கட்டுகளைத் திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "இதையெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க குடுங்க."

கட்டம்மா கட்டின் ஓரத்தைக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டிச் சேர்த்தாள். பச்சை நாடா தட்டையாகப் படுத்திருக்கிறதா என்று கட்டை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு இரண்டு கைகளாலும் உள்ளே தள்ளிவிட்டு, விட்டாள்.